திருகாணிக்கு வழிகாட்டும் கணினி. ஏழை நோயாளிக்கு வழிகாட்டுவது யார்?

நமது நாடாளுமன்ற நிருபர்

புதுதில்லி: புசா ரோடு என்றதும் தில்லித் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. வட இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்து வருவோருக்கு அது மருத்துவமனைச் சாலை. 1959-ம் ஆண்டு ஜனவரி 2-ம் தேதி அன்றைய பிரதமர் நேரு திறந்து வைத்த டாக்டர் பி.எல். கபூர் மருத்துவமனை இந்தச் சாலையில்தான் இருக்கிறது. இப்போது அதன் பெயர் பி.எல்.கே.-மேக்ஸ். சற்றுத் தள்ளி ராஜேந்தர் நகரில் சர் கங்கா ராம் மருத்துவமனை. கரோல் பாக், ராஜேந்திரா பிளேஸ் மெட்ரோ ரயில் நிலையங்களில் இறங்கி, பெரிய எக்ஸ்ரே உறையைக் கையில் பிடித்தபடி வழி கேட்டுச் செல்பவர்களை எந்த நாள் காலையிலும் இங்கே காணலாம்.

அவர்களில் முதுகெலும்பு நோயாளிகளும் உண்டு. விபத்தில் எலும்பு முறிந்தவர், காசநோயால் முதுகெலும்பு அரிக்கப்பட்டவர், வளரும் வயதில் முதுகு பக்கவாட்டில் வளைந்துவிட்ட சிறுமி என ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துன்பம். தலைநகரின் பெரிய மருத்துவமனைகள் இன்று இவர்களுக்கு முன்வைக்கும் சொல் "நேவிகேஷன்". கணினித் திரையில் முதுகெலும்பின் முப்பரிமாணப் படத்தைப் பார்த்துக்கொண்டே திருகாணியைப் பொருத்தும் முறை இது. சில இடங்களில் ரோபோவும் சேர்ந்துகொள்கிறது.

இந்தத் தொழில்நுட்பத்தால் உண்மையிலேயே பயன் உண்டா? உண்டென்றால், மிக அதிகமாகத் தேவைப்படும் நோயாளிக்கு அது கிடைக்கிறதா? முதல் கேள்விக்கான விடையைத் தேடித் தலைநகரிலிருந்து கோவைக்குச் செல்ல வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு தில்லியில் உள்ளவர்களுடையது.

சில மில்லி மீட்டர் இடைவெளி

முதுகெலும்பை நிலைநிறுத்தும் அறுவைச் சிகிச்சையில், உடைந்த அல்லது வளைந்த பகுதிக்கு மேலும் கீழும் உள்ள எலும்புகளில் உலோகத் திருகாணிகளைப் பொருத்தி, அவற்றைக் கம்பிகளால் இணைக்கிறார்கள். ஒவ்வொரு முதுகெலும்பின் பின்புறத்திலிருந்தும் முன்பகுதிக்குச் செல்லும் குறுகிய எலும்புக் காம்பு வழியாகவே திருகாணி செல்ல வேண்டும். மார்புப் பகுதியின் நடுவில் உள்ள எலும்புகளில் இந்தக் காம்பின் அகலம் பெரியவர்களுக்கே சில வேளைகளில் 4 அல்லது 5 மில்லி மீட்டர்தான். உட்புறம் விலகினால் தண்டுவடம் இருக்கிறது. முன்புறம் நீண்டு சென்றால் பெரிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன.

இயல்பான முதுகெலும்பில் அனுபவமுள்ள மருத்துவர், எலும்பின் மேற்பரப்பில் உள்ள அடையாளங்களைக் கொண்டும் விரல் நுனியின் உணர்வைக் கொண்டும் பாதையைக் கண்டுபிடித்துவிடுவார். சி-ஆர்ம் எனப்படும் எக்ஸ்ரே கருவி துணைக்கு இருக்கும். ஆனால் அது காட்டுவது தட்டையான படம். முதுகெலும்பு வளைந்தும் முறுக்கியும் கிடக்கும்போது அடையாளங்கள் இடம் மாறிவிடுகின்றன. தட்டையான படமும் குழப்புகிறது. கணினியின் உதவி அங்கேதான் தேவைப்படுகிறது.

1971-ம் ஆண்டு அக்டோபரில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அந்தப் படத்தை அறுவை அரங்கில் வழிகாட்டும் வரைபடமாக மாற்றும் முயற்சி 1990-களில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர்கள் உள்ளிட்டோரால் முதுகெலும்புக்கு வந்து சேர்ந்தது. இன்றைய முறையில், நோயாளியின் முதுகெலும்பு ஒன்றில் சிறிய சட்டம் ஒன்றைக் கவ்வச் செய்கிறார்கள். அறுவைக் கருவிகளிலும் அந்தச் சட்டத்திலும் ஒளியைப் பிரதிபலிக்கும் சிறு உருண்டைகள் உள்ளன. அகச்சிவப்புக் கேமரா அவற்றின் இடத்தை இடைவிடாது அளக்கிறது. மேஜையிலேயே எடுக்கப்பட்ட முப்பரிமாணப் படத்தின் மீது, கருவியின் முனை எங்கே இருக்கிறது, இதே திசையில் போனால் எங்கே சென்று முடியும் என்பதைக் கணினி கோடிட்டுக் காட்டுகிறது.

கோவை தந்த சான்று

இந்த முறை பயன் தருமா என்பதைச் சோதித்த முக்கியமான ஆய்வுகளில் ஒன்று தமிழகத்தில் நடந்தது. 1978-ல் தொடங்கப்பட்ட கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் தலைமையிலான குழு, முதுகு வளைவும் கூனும் உள்ள 33 நோயாளிகளுக்குச் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சைகளை ஆராய்ந்து 2007-ல் "ஸ்பைன்" என்ற சர்வதேச இதழில் முடிவுகளை வெளியிட்டது. எந்த நோயாளிக்கு எந்த முறை என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், சமவாய்ப்பு முறையில் பிரித்து ஒப்பிட்டதே இந்த ஆய்வின் சிறப்பு.

மார்புப் பகுதி எலும்புகளில் மொத்தம் 478 திருகாணிகள் பொருத்தப்பட்டன. கணினி வழிகாட்டாமல் பொருத்தப்பட்ட 236 திருகாணிகளில் 54, அதாவது 23 சதவீதம், எலும்புக் காம்பின் சுவரைத் துளைத்திருந்தன. கணினி வழிகாட்டிய 242 திருகாணிகளில் அவ்வாறு துளைத்தவை 5 மட்டுமே. இது 2 சதவீதம். நேரமும் மிச்சமானது. ஒரு திருகாணியைப் பொருத்த வழக்கமான முறையில் சராசரியாக 4.61 நிமிடம் ஆன இடத்தில், கணினி உதவியுடன் 2.37 நிமிடமே ஆனது. வழக்கமான முறையில் ஒவ்வொரு திருகாணிக்கும் சி-ஆர்ம் கருவியை ஒரு முறையோ இரு முறையோ உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது; மற்றதில் அதற்கு அவசியம் ஏற்படவில்லை. ஆண்டு முழுவதும் எக்ஸ்ரே கதிர்களின் நடுவே நிற்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இது சிறிய ஆறுதல் அல்ல.

எலும்புக்குள் ஒளிந்திருக்கும் மிகச் சிறிய கட்டிகளைத் தேடி அகற்றவும் இதே முறையைப் பயன்படுத்தியது பற்றி அந்த மருத்துவமனை மருத்துவர்கள் பின்னர் எழுதினர். புதிய மருத்துவத் தொழில்நுட்பம் என்றாலே மேலைநாடுகளின் புள்ளிவிவரத்தைப் படித்துவிட்டு வாங்குவது நமது வழக்கம். இங்கோ, இந்திய நோயாளிகளிடம் இந்திய மருத்துவர்கள் திரட்டிய சான்று கையில் இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

கணினியும் தவறும்

அதற்காக, திரை காட்டுவதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. படம் எடுத்த பிறகு எலும்பில் கவ்வியுள்ள சட்டம் யாருடைய கையாவது பட்டு அசைந்துவிட்டால், திரையில் கருவி சரியான பாதையில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது வேறிடத்தில் இருக்கும். சட்டம் பொருத்தப்பட்ட எலும்பிலிருந்து தள்ளிப் போகப் போகப் பிழை கூடலாம். கேமராவுக்கும் கருவிக்கும் நடுவே ஒருவர் நின்றாலே கணிப்பு தடைபடும். எனவே தெரிந்த எலும்பு முனை ஒன்றைக் கருவியால் தொட்டு, திரையும் அதே இடத்தைக் காட்டுகிறதா என்று அடிக்கடி சரிபார்ப்பது பயிற்சி பெற்ற மருத்துவர்களின் பழக்கம். கருவியை வாங்கினால் மட்டும் இந்தப் பழக்கம் வந்துவிடாது.

இன்னொரு உண்மையும் உண்டு. எலும்புச் சுவரைத் துளைத்த திருகாணி ஒவ்வொன்றும் நோயாளியை முடக்கிவிடுவதில்லை. பெரும்பாலானவை எந்தத் தொல்லையும் தராமல் இருந்துவிடுகின்றன. திருகாணி பொருத்துவதில் துல்லியம் கூடுகிறது என்பதற்கு உலகெங்கும் சான்றுகள் குவிந்துள்ளன. நோயாளியின் வலியும் நடமாட்டமும் அதே அளவுக்கு மேம்படுகின்றனவா என்பதற்கான சான்று அவ்வளவு வலுவானதல்ல. இடுப்புப் பகுதியில் ஒன்றிரண்டு எலும்புகளை இணைக்கும் சாதாரண அறுவைச் சிகிச்சையை அனுபவமுள்ள மருத்துவர் கணினி இன்றியே பாதுகாப்பாகச் செய்கிறார்.

எனவே இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான பயனாளிகள் யார் என்பதில் ஐயம் இல்லை. கடுமையாக வளைந்த முதுகெலும்பு உடையவர்கள், பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகள், கழுத்தும் மண்டையோடும் சேரும் இடத்தில் சிகிச்சை தேவைப்படுவோர், முன்பே ஒரு முறை அறுவை நடந்து அடையாளங்கள் அழிந்தவர்கள் ஆகியோரே அவர்கள். வளைவு முற்றும்வரை மருத்துவரிடம் செல்லாமல் இருப்பவர்களில் வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளே அதிகம். அவர்களுக்கு மிக அதிகமாகத் தேவைப்படும் கருவி, பணம் உள்ளவர்கள் செல்லும் இடத்தில் இருக்கிறது. நோயின் கடுமையைக் கொண்டு முடிவாக வேண்டிய ஒன்று, கட்டணத்தைக் கொண்டு முடிவாகிறது.

தீர்ப்பு இருக்கிறது, விளக்கம் இல்லை

தலைநகரில் இதற்கு ஒரு சட்ட வழி ஏற்கெனவே உள்ளது. சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற தனியார் மருத்துவமனைகள் உள்நோயாளிப் படுக்கைகளில் 10 சதவீதத்தையும், புறநோயாளி சிகிச்சையில் 25 சதவீதத்தையும் ஏழைகளுக்கு இலவசமாக அளிக்க வேண்டும் என்று நீதிபதி குரேஷி குழு 2001-ல் பரிந்துரைத்தது. 2007 மார்ச் 22-ம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் இதை உறுதி செய்தபோது, இலவசம் என்பதன் பொருளையும் விளக்கியது. படுக்கை, மருந்து, சிகிச்சை, அறுவை வசதி, செவிலியர் பணி, பயன்படுத்தப்படும் பொருள்கள் எல்லாமே கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். 2018 ஜூலை 9-ம் தேதி உச்ச நீதிமன்றமும் இந்தக் கடமையை நிலைநாட்டியது.

"அறுவை வசதி" என்ற சொல்லுக்குள் கணினி வழிகாட்டும் கருவி அடங்குமா? சொல்லின் நேர்ப்பொருளில் அடங்கும் என்றே கொள்ள வேண்டும். மருத்துவ ரீதியாகத் தேவைப்படும் ஏழை நோயாளிக்கு, அதே மருத்துவமனையில் இருக்கும் கருவியை மறுப்பது தீர்ப்பின் நோக்கத்துக்குப் பொருந்தாது. அதே சமயம், எந்த நோயாளிக்கு அது அவசியம் என்பதற்குப் பொதுவான மருத்துவ வரையறை இல்லாவிட்டால், மருத்துவமனை ஒன்று சொல்லும், நோயாளியின் உறவினர் வேறொன்று கேட்பார். அந்த வரையறையை உருவாக்குவது நிர்வாகத்தின் வேலை.

காப்பீட்டின் நிலையும் சிக்கலானது. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தில்லி அரசு நீண்ட இழுபறிக்குப் பிறகு 2025 ஏப்ரலில் இணைந்தது. மத்திய அரசின் திட்டப்படி குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். அதனுடன் தில்லி அரசின் பங்காக மேலும் 5 லட்சம் ரூபாய். தமிழகத்தில் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மத்திய திட்டத்துடன் இணைந்து செயல்படுகிறது. இத்தகைய திட்டங்களின் அடிப்படை தொகுப்புக் கட்டணம். ஓர் அறுவைச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று மொத்தமாக நிர்ணயித்துவிடுகிறார்கள். எளிய எலும்பு இணைப்பா, முறுக்கிய முதுகெலும்பா என்பதற்கேற்பக் கருவியின் செலவைத் தனியே கணக்கிட இதில் இடம் குறைவு. கோடிக்கணக்கில் செலவிட்டுக் கருவி வாங்கிய மருத்துவமனை, தொகுப்புக் கட்டணத்தில் வரும் நோயாளிக்கு அதை இயக்க முன்வருமா என்பது அதன் மனசாட்சிக்கு விடப்படுகிறது.

தனியார் காப்பீட்டிலோ நிலைமை வேறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், காப்பீட்டு நிறுவனங்கள் ஒதுக்கிவிடக் கூடாத 12 நவீன சிகிச்சைகள் பட்டியலிடப்பட்டன. ரோபோ அறுவைச் சிகிச்சையும், அறுவையின்போது நரம்புகளின் இயக்கத்தைக் கண்காணிக்கும் முறையும் அதில் இடம்பெற்றன. தொகைக்கு உச்சவரம்பு விதிக்கவும் நிறுவனங்களுக்கு அனுமதி தரப்பட்டது. பாலிசிதாரருக்கு இருக்கும் இந்த உரிமைப் பட்டியலைப் போன்ற ஒன்று, அரசுத் திட்டத்தில் வரும் முதுகெலும்பு நோயாளிக்கும் தேவை.

இறக்குமதியும் மாற்று வழியும்

மருத்துவக் கருவிகளில் பெரும்பகுதியை இந்தியா இன்னும் இறக்குமதிதான் செய்கிறது. உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவிக்க 2020-21 பட்ஜெட்டில் இறக்குமதிக் கருவிகள் மீது 5 சதவீத சுகாதாரக் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் 3,420 கோடி ரூபாயில் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது; படப்பிடிப்புக் கருவிகளும் உடலில் பொருத்தப்படும் சாதனங்களும் அதில் அடங்கும். 2023-ல் தேசிய மருத்துவக் கருவிக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் மருத்துவக் கருவிகள் மீதான ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இவை அனைத்தும் கருவியின் விலையைப் பற்றியவை. கருவி எந்த ஊரில், எந்த மருத்துவமனையில், யாருக்காக இருக்க வேண்டும் என்பதை இவற்றில் எதுவும் தீர்மானிப்பதில்லை.

விலை உயர்ந்த கருவி ஒன்றே வழி என்றும் கூறிவிட முடியாது. புசா ரோட்டிலிருந்து சில மைல் தொலைவில் உள்ள எய்ம்ஸ் மருத்துவமனையின் மருத்துவர்களும் தில்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் சேர்ந்து இன்னொரு பாதையைச் சோதித்தனர். நோயாளியின் சி.டி. ஸ்கேனை வைத்து, அவருடைய எலும்பின் மீது மட்டுமே கச்சிதமாக உட்காரும் அச்சு ஒன்றை முப்பரிமாண அச்சு முறையில் தயாரிக்கிறார்கள். அதில் உள்ள துளையே திருகாணியின் திசையைக் காட்டிவிடும். அறுவை அரங்கில் கேமராவும் வேண்டாம், கணினித் திரையும் வேண்டாம். கடுமையான முதுகு வளைவு உள்ளவர்களிடம் இதைப் பயன்படுத்தியபோது, அச்சு இல்லாமல் பொருத்தியதைவிடத் துல்லியம் கூடியதாக 2019-ல் வெளியான அவர்களது ஆய்வு தெரிவித்தது. அவசர சிகிச்சைக்கு இது ஏற்றதல்ல; அச்சைத் தயாரிக்க அவகாசம் வேண்டும். ஆனால் முதுகு வளைவுக்கான அறுவை பெரும்பாலும் நாள் குறித்துச் செய்யப்படுவதுதான். மாவட்டத் தலைநகரில் ஸ்கேன் எடுத்து, அச்சை ஒரே மையத்தில் தயாரித்து அனுப்பும் ஏற்பாடு அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு எட்டாத கனவு அல்ல.

கணக்கு வைப்பது யார்?

எந்தக் கருவியானாலும், பொருத்தப்பட்ட திருகாணிகளில் எத்தனை சரியான இடத்தில் உள்ளன, எத்தனை பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது என்ற கணக்கு இருந்தால்தான் அதன் மதிப்பு தெரியும். கோவை ஆய்வின் வலிமையே அந்தக் கணக்குதான். விளம்பரத்தில் கருவியின் பெயரைச் சொல்லும் மருத்துவமனைகள், தங்கள் முடிவுகளையும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதன் விளைவு என்னவாகும் என்பதை நாடு ஒரு முறை பார்த்துவிட்டது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழும நிறுவனத்தின் குறைபாடுள்ள இடுப்பு மூட்டு சாதனங்கள் 2010-ல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. இந்தியாவில் அவை சுமார் 4,700 அறுவைச் சிகிச்சைகளில் பயன்படுத்தப்பட்டதாகக் கூறப்பட்டது. இழப்பீடு வழங்குவது பற்றிப் பேசத் தொடங்கியபோது, பொருத்தப்பட்டவர்களில் பலர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டறிய முடியவில்லை. மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்குகளைப் பதிவு செய்ய 2015 ஜூலையில் காஜியாபாதில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தில் ஒரு கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2022 செப்டம்பரில் மருத்துவக் கருவிகள் குறித்துத் தனி அறிக்கை அளித்தது. கட்டமைப்பு இருக்கிறது. முதுகெலும்புத் திருகாணிக்குத் தேசியப் பதிவேடு ஒன்றைத் தொடங்க அது போதுமானது.

நாடாளுமன்றத்தில் மருத்துவமனைகளைப் பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம், "சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது" என்ற வரியுடன் அமைச்சரின் பதில் தொடங்குவது வழக்கம். அரசியல் சட்டப்படி அது சரியே. ஆனால் இறக்குமதி வரியும், கருவி ஒழுங்குமுறையும், காப்பீட்டு விதிகளும், எய்ம்ஸ் மருத்துவமனைகளும் மத்திய அரசின் கையில்தான் உள்ளன. இந்த நான்கையும் ஒரே நோக்கில் இணைப்பதற்கு மாநிலங்கள் குறுக்கே நிற்கவில்லை.

செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. எந்த வகை முதுகெலும்பு அறுவைக்குக் கணினி வழிகாட்டல் அவசியம், எதற்குத் தேவையில்லை என்று வல்லுநர் குழு வரையறுக்கலாம். அவசியமான வகைக்குத் தொகுப்புக் கட்டணத்தில் தனி இடம் தரலாம். தேவையில்லாத வகைக்கு நோயாளியிடம் கூடுதல் கட்டணம் வாங்குவதைத் தடுக்கலாம். மாநிலத்துக்கு ஓரிரு அரசு மருத்துவமனைகளிலாவது கருவியையும் பயிற்சி பெற்ற குழுவையும் ஒன்றாக அமைக்கலாம். முடிவுகளைப் பதிவேட்டில் ஏற்றுவதைக் கட்டாயமாக்கலாம்.

1965 மே 29-ம் தேதி எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த ராணுவ அதிகாரி எச்.பி.எஸ். அலுவாலியா, அதே ஆண்டு பாகிஸ்தானுடனான போரையடுத்துக் குண்டு பாய்ந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் அமர நேர்ந்தது. இங்கிலாந்தில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய அவர், அதுபோன்ற மையம் இந்தியாவில் எல்லோருக்கும் வேண்டும் என்று முயன்று, தில்லி வசந்த் குஞ்சில் இந்திய முதுகுத்தண்டு காய மையத்தை உருவாக்கினார். 2022 ஜனவரியில் அவர் மறைந்தார். தமக்குக் கிடைத்த சிகிச்சை அடுத்தவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவரது எண்ணம்.

தண்டுவடம் ஒரு முறை அறுபட்டால் அதை மீண்டும் ஒட்டவைக்கும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. சில மில்லி மீட்டர் பிழையைத் தவிர்க்கும் வழி தெரிந்திருக்கிறது; அது நம் நாட்டிலேயே நிரூபிக்கவும் பட்டிருக்கிறது. எக்ஸ்ரே உறையுடன் புசா ரோட்டில் வழி கேட்டு நடக்கும் குடும்பத்துக்கு அந்த வழி திறக்குமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள், அங்கிருந்து சில மைல் தொலைவில் நாடாளுமன்றத்திலும் அமைச்சகங்களிலும் அமர்ந்திருக்கிறார்கள்.